பங்காளிக்கு வந்த பங்கு

உலகம்மை செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னாள்.

கேட்டது ஒரு இயந்திரம். பராமரிப்போர் நல வாரியத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன அந்தப் பெண் குரல், ஒரு எழுத்தையும் விழுங்காமல், செய்தி வாசிப்பது போலத் தமிழ் பேசியது. பெயர் கேட்டது, தெரு கேட்டது, அம்மாவின் பெயர் கேட்டது. சொர்ணத்தம்மாள் என்றாள் உலகம்மை. அம்மாவுக்கு நினைவிழப்பு எப்போதிலிருந்து என்று கேட்டது. அதையும் சொன்னாள். அந்த நேரத்தில் சொர்ணத்தம்மாள் அடுக்களையில் உப்பு ஜாடியைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகக் குப்பைத் தொட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். உலகம்மைக்கு ஒரு கண் அங்கே, ஒரு காது இங்கே.

"உங்கள் பங்காளிகளின் பெயர்களைச் சொல்லுங்கள்" என்றது குரல்.

அம்பாசமுத்திரத்தில் பங்காளி யார் என்று பச்சைப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். அப்பாவோடு பிறந்தவர்களின் மக்கள்தான் பங்காளி. பேச்சுவார்த்தை நின்று எத்தனை வருஷம் ஆனாலும், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டுக்கும் தீட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். கூடப்பிறந்த அண்ணன் தம்பியை யாரும் பங்காளி என்று சொல்வதில்லை. சொத்தைப் பிரிக்கும் நாள் வரைக்குமாவது சொல்வதில்லை.

"பங்காளின்னா பக்கத்து வீட்டுப் பிரமநாயகம்தான். எங்க பெரியப்பா மகன்" என்றாள்.

"நன்றி" என்று சொல்லிவிட்டுக் குரல் போய்விட்டது. கூடப்பிறந்தவர்களைப் பற்றிப் பிறகு கேட்கும் என்று நினைத்துக்கொண்டு உலகம்மை உப்பைத் தேடப் போனாள்.

இந்த வம்பெல்லாம் டாக்டர் பியூலாவால் வந்தது. அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன இடத்தில், அம்மாவின் கையை விட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்துவிட்டார் அவர்.

"அம்மாவுக்கு ஒரு குறையுமில்ல. ரத்தமெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி ஓடுது. உங்களைத்தான் இங்க படுக்க வைக்கணும்."

"எனக்கென்ன டாக்டர்?"

"ஒரு புலி எதிர்ல வந்து நின்னா உடம்பு என்ன செய்யும்? நெஞ்சு அடிச்சுக்கும், கை கால் முறுக்கிக்கும், பசி தெரியாது. புலி போயிட்டா எல்லாம் அடங்கிரும். உங்க வீட்ல புலி போறதே இல்ல. கேஸைத் திறந்துருவாங்களோ, தெருவுல இறங்கிப் போயிருவாங்களோன்னு தூங்கும்போதும் ஒரு காது முழிச்சிருக்கு. வருஷக் கணக்கா. பிரஷர், சர்க்கரை, நெஞ்செரிச்சல், முதுகுவலி எல்லாம் அதனாலதான்."

"எங்க அம்மா புலியா?" உலகம்மைக்குக் கோபமே வந்துவிட்டது.

"அம்மா இல்லம்மா. அந்த நோய்தான் புலி. ஆனா கடிபடுறது நீங்க. இப்படியே போனா ஒரு நாள் ஒரு கை, ஒரு கால் விழுந்துரும். அப்புறம் அந்த வீட்ல ரெண்டு பேரைப் பாக்க ஆள் வேணும்."

உலகம்மை பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடம் நடத்தியவள். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் தள்ளுவதற்கே யாரும் இல்லாமல் போயிற்று. அம்மாவுக்கு நோய் வந்ததும் நீண்ட விடுப்பில் வந்தாள். அண்ணன் நெல்லையப்பன் பெங்களூரில், தம்பி குற்றாலம் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். இரண்டு பேருக்கும் வேலை, குடும்பம், பிள்ளைகளின் பரீட்சை. உலகம்மைதான் 'சும்மா' இருக்கிறாள். அவள் விழுந்துவிட்டால் அம்மாவை எந்த முதியோர் இல்லத்தில் கொண்டு போய்த் தள்ளுவார்கள் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பெயர் தெரியாத இடத்தில், பெயர் தெரியாத ஆட்கள் நடுவில் அம்மா திருதிருவென விழித்துக்கொண்டு நிற்பாள்.

"வழி இருக்கு" என்று டாக்டர் பியூலா தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இந்தக் காலத்தில் எல்லார் கையிலும் இருக்கிற அதே கடிகாரம்தான். "இது உங்க பதற்றத்தையும் அதால வர்ற வலியையும் நரம்புல இருந்து படிக்கும். உங்க சொந்தக்காரங்க கடிகாரத்துக்கு அனுப்பும். அவங்க உடம்புல இருந்து கொஞ்சம் அமைதியை எடுத்து உங்களுக்குத் தரும். பாரத்தைப் பங்கு போடுற மாதிரி."

"மெஷினே அமைதியைத் தந்துரக் கூடாதா? எதுக்கு இன்னொருத்தரை இழுக்கணும்?"

"பதற்றத்தை எந்த மெஷினும் உண்டாக்கிரும்மா. நிம்மதியைத் தயாரிக்க இன்னும் யாருக்கும் தெரியல. இன்னொரு உடம்புல இருந்துதான் எடுக்கணும். அதனாலதான் அவங்க சம்மதம் கேக்குறாங்க."

சகோதரர்களிடம் சொன்னாள். நெல்லையப்பன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "தாராளமா! அம்மா மூணு பேருக்கும்தானே அம்மா? எனக்கு எவ்வளவு வேணும்னாலும் அனுப்பச் சொல்லு" என்றான். குற்றாலம் கண் கலங்கிவிட்டான். இருவருக்கும் வாரியத்திலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை என்பதை இருவரும் கவனிக்கவில்லை.

அழைப்பு போனது பிரமநாயகத்துக்கு.

பிரமநாயகம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வடிவு, பேரனைப் பார்த்துக்கொள்ள மகளோடு கோயம்புத்தூரில் இருந்தாள். இவர் தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, மிச்ச நேரத்தில் முடுக்கைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். முடுக்கு என்றால் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கும் நடுவே உள்ள சந்து. ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். அது யாருக்குச் சொந்தம் என்பதில் இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடந்திருக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வந்தாலும் முடுக்கில் நடக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

அவரிடம் இயந்திரக் குரல் சொன்னது: "தங்கள் சித்தப்பா குடும்பத்திலிருந்து தங்களுக்கு ஒரு பங்கு வந்துள்ளது. ஏற்றுக்கொள்கிறீர்களா?"

பங்கு என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த மனிதருக்கு வேறு எதுவும் விழவில்லை. பின்னால் வந்த விளக்கம் முழுவதும் காற்றோடு போயிற்று. "ஏத்துக்கிடுதேன்! ஏத்துக்கிடுதேன்!" என்று நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கத்தினாராம். இதெல்லாம் அவரே பிறகு வாய்விட்டுச் சொன்னது.

மறுநாள் உலகம்மை விழித்தபோது வெயில் ஜன்னல் ஏறியிருந்தது. அவ்வளவு நேரம் தூங்கியிருக்கிறாள். ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று பதறியடித்து எழப் பார்த்தாள். பதற்றம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, உலகம்மையின் போர்வையிலிருந்து நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிக்கட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் பெரிய ஆச்சரியம்.

கூடப்பிறந்தவர்களை வாரியமே தேடிப் பிடித்துவிட்டது என்று நினைத்து, அழுகையோடு பெங்களூருக்குப் பேசினாள். "அண்ணே, நீ நல்லாருக்கணும். மலையை இறக்கி வச்ச மாதிரி இருக்கு."

நெல்லையப்பன் நெற்றியைத் தடவிக்கொண்டான். "ஆமா. காலையில இருந்து எனக்கு இங்க ஒரு மாதிரியாத்தான் இருக்கு. பரவால்ல, விடு. அம்மாவுக்காகத்தானே" என்றான்.

அன்றிலிருந்து அவனுக்கு வந்த ஒவ்வொரு தும்மலும் தாய்ப்பாசத்தில் சேர்ந்தது. பெர்த்தில் குற்றாலத்துக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் நெல்லையப்பன் எல்லாரிடமும் மணிக்கட்டை நீட்டி, "எங்கம்மா பாரம் இங்கதான் ஓடிட்டிருக்கு" என்று காட்டினானாம். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

உண்மையில் பாரம் ஓடிக்கொண்டிருந்த இடம் வேறு. அது வெளியே வந்த விதம் இப்படி: உலகம்மை அடிபம்பிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தாள். முடுக்குப் பக்கமிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. இருபது வருஷமாக அவளிடம் பேசாத வாய் திறந்தது.

"ஏட்டி! அந்த வாளியைக் கீழ வையி!"

உலகம்மை திடுக்கிட்டு வைத்துவிட்டாள்.

"இப்பத் தூக்கு" என்றார் பிரமநாயகம். அவள் தூக்கினாள். "ஐயோ! வையி, வையி!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். மின்சாரத்தோடு வாழ்ந்த மனிதர்; எந்த சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்று கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. "ஒரு வாரமா நானும் பாக்கேன். ஒங்க வீட்ல சட்டி விழுந்தா என் நெஞ்சு அடிக்கி. நீ குனிஞ்சா என் முதுகு பிடிக்கி. என்னட்டி செஞ்சு வச்சிருக்க? மந்திரமா, மருந்தா?"

அவர் கடிகாரத்தைக் காட்டினார். அவளும் காட்டினாள். இரண்டிலும் ஒரே பச்சைப் புள்ளி சேர்ந்து துடித்தது. அப்போதுதான் உலகம்மைக்கு அந்த 'பங்காளி' உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அதிர்ச்சியில் இல்லை, சிரிப்பை அடக்க.

"சிரிக்கியா? இந்தா, இப்பவே இந்தச் சவத்தை அத்து எறியுதேன்" என்று வாரியத்துக்குப் பேசினார்.

குரல் அதே பணிவோடு வந்தது. "பங்கைத் துறக்க விரும்புகிறீர்களா? துறந்தபின் இப்பங்கின் மீது தங்களுக்கு எவ்வித உரிமையும் இராது. உறுதி செய்ய 'ஆம்' என்று சொல்லுங்கள்."

பிரமநாயகத்தின் வாய் 'ஆ' வரைக்கும் போய் நின்றுவிட்டது. உலகம்மையைப் பார்த்தார். முடுக்கைப் பார்த்தார். கண்கள் சுருங்கின.

"உரிமை இராதாம்லா?" என்றார் மெதுவாக. "அப்படி வாங்க வழிக்கு. இன்னைக்கு நோவுப் பங்கை எழுதிக் குடுத்துட்டான்னு சொல்லுவீங்க. நாளைக்கு முடுக்குப் பங்கையும் குடுத்துட்டான்னு சொல்லுவீங்க. நான் என்ன இளிச்சவாயனா? விட மாட்டேன். என் பங்கு என்கிட்டயே கெடக்கட்டும்!"

இணைப்பைத் துண்டித்துவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

அன்று மாலை, தேவையே இல்லாமல், உலகம்மை இன்னொரு வாளியைத் தூக்கினாள். முடுக்குக்கு அப்பால் "அடியேய்!" என்று சத்தம் வந்தது. அவள் முற்றத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். அப்படிச் சிரித்தது தப்புதான். ஆனால் அந்த வீட்டில் அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். அவள் சிரித்ததைப் பார்த்து, எதற்கு என்று தெரியாமலே அம்மாவும் சிரித்தாள்.

பங்கை விடவும் மனசில்லை, வலியைத் தாங்கவும் முடியவில்லை. அந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வான்? வலி வருகிற வழியில் போய் உட்கார்ந்துகொள்வான். பிரமநாயகம் மறுநாள் காலை ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றார்.

"என்ன தின்ன?"

"காப்பி குடிச்சேன்."

"வெறுங்காப்பியைக் குடிச்சுட்டு நீ பாட்டுக்கு நிப்ப. இங்க எனக்குல்லா எரியுது? இந்தா இட்லி. தின்னு."

"எனக்குப் பசிக்கலை."

"ஒனக்கு யாரு தின்னச் சொன்னா? எனக்காகத் தின்னு."

உலகம்மை தின்றாள். அடுத்த நாளும் வந்தார். அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது குறுக்கே வந்து, "இப்படிக் குனிஞ்சு தூக்குனா என் முதுகு என்னத்துக்கு ஆகும்? நகரு" என்று தானே தூக்கினார். கேஸ் அடுப்புக்கு ஒரு பூட்டு சுவிட்ச் வைத்தார். அவள் ஒவ்வொரு தடவையும் அடுக்களைக்கு ஓடுவது தன் முழங்காலுக்கு ஆகவில்லையாம். பிற்பகலில் அவளைப் படுக்கச் சொல்லி அதட்டினார். "நீ தூங்குனாத்தாம்ட்டி எனக்குக் கண்ணு சொக்குது. போ, போய்ப் படு. சித்தியை நான் பாத்துக்கிடுதேன்."

உலகத்தில் இவ்வளவு சுயநலமாக யாரும் யாரையும் கவனித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சொர்ணத்தம்மாளுக்கோ வந்திருப்பது கணவரின் அண்ணன் மகன் என்று தெரியவில்லை. பிரமநாயகம் வயதாக ஆக அச்சு அசல் தன் அப்பாவைப் போல ஆகியிருந்தார். அவரைக் கண்டதும் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள். "அத்தான் வந்திருக்காங்க" என்று உலகம்மையிடம் கிசுகிசுத்தாள். புருஷனின் அண்ணன் முன்னால் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. குளிக்க வைக்க உலகம்மை மல்லுக்கட்டுவாள். நகக்கீறல்கள் அவள் கையில் இன்னும் இருந்தன. பிரமநாயகம் வாசலில் நின்று ஒரு கனைப்புக் கனைத்தால் போதும், "இந்தா, குளிச்சிட்டு வாரேன் அத்தான்" என்று அம்மா தானாகவே நடப்பாள். சோற்றுக்கும் அதே கனைப்பு. மாத்திரைக்கும் அதே கனைப்பு.

ஒருநாள் அவரை முடுக்கு வாசலில் பார்த்துவிட்டு, "அந்த முடுக்கை நீங்களே வச்சுக்கிடுங்க அத்தான். ஒங்க தம்பிக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். எதுக்கு அண்ணந்தம்பிக்குள்ள மனத்தாங்கல்?" என்றாள் அம்மா.

பிரமநாயகத்தின் முகம் பிரகாசமாயிற்று. "கேட்டியா? கேட்டியா? நீதான் சாட்சி!"

"எங்க அம்மா நேத்து தாமிரபரணியையே பால்காரனுக்கு எழுதி வச்சுட்டாங்க. அதுக்கும் நான்தான் சாட்சி" என்றாள் உலகம்மை.

அவர் சிரித்துவிட்டார். அவரோடு சண்டை போடுவது உலகம்மைக்குப் பிடித்திருந்தது. அம்மாவோடு சண்டை போட முடியாது, அண்ணன் தம்பியோடு சண்டை போட்டால் போனை வைத்துவிடுவார்கள். இவர் ஓடிப்போக முடியாது. ஓடினாலும் வலி கூடவே ஓடும். இப்படி இருக்கும்போது தான் செய்வது நியாயமா என்று அவளுக்குச் சில நேரம் உறுத்தியது. வாரியத்துக்குப் பேசித் தவறைச் சொல்லலாம். சொல்லவில்லை. முதலில் குறும்புக்காகச் சொல்லவில்லை. பிறகு பயத்தால் சொல்லவில்லை. இந்த ஆள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

டாக்டர் பியூலா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "பரவால்லையே. புலி கொஞ்சம் தள்ளிப் போய் உக்காந்திருக்கு போல. அண்ணன் தம்பிங்க நல்லா தாங்குறாங்க."

"ஆமா டாக்டர், நல்லாத் தாங்குதாங்க" என்றாள் உலகம்மை.

இப்படியே போயிருக்கும். வாரியத்திலிருந்து நஸ்ரின் வராமல் இருந்திருந்தால். மேலப்பாளையத்துப் பெண்; சின்ன வயது; அந்த ஜில்லாவில் எத்தனை வீட்டில் ஏச்சு வாங்கிவிட்டு வந்தாளோ, செருப்பைக் கழற்றும்போதே மன்னிப்புக் கேட்டாள்.

"தப்பு எங்க மேலதான்க்கா. பாரத்தைப் பங்கு எடுத்துக்கிறவங்கங்கிற அர்த்தத்துல யாரோ ஒரு புண்ணியவான் பங்காளின்னு போட்டுட்டாரு. மதுரைக்குத் தெக்க பூரா இதே கூத்து. பேச்சுவார்த்தை இல்லாத குடும்பத்துக்கெல்லாம் நோவு போயிட்டிருக்கு. கோவில்பட்டியில ஒருத்தர் பங்காளி மேல கேஸே போட்டிருக்காரு, நெஞ்செரிச்சல் குடுத்துட்டான்னு. எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டு, கூடப்பொறந்தவங்களுக்கு மாத்தச் சொல்லி உத்தரவு."

அடுக்களையில் அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த பிரமநாயகத்தின் கை நின்றது.

நஸ்ரின் இரண்டு சகோதரர்களையும் திரையில் அழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். நெல்லையப்பனுக்குப் புரியவில்லை.

"என்னம்மா சொல்றீங்க? இத்தனை மாசமா நான்தானே தாங்கிட்டிருக்கேன்? போன வாரம்கூட ஒரு தலைவலி, படுத்துட்டேன்."

"சார், உங்க கைக்கு ஒரு துளிகூட வரல சார்."

குற்றாலம் தன் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பாவம், அதுவரை அது நிஜமாகவே வலித்திருந்தது.

"சரி, இப்ப போடுங்க. எனக்கென்ன பயமா?" என்றான் நெல்லையப்பன்.

நஸ்ரின் அவன் கடிகாரத்தையும் சேர்த்து இணைத்தாள். நெல்லையப்பனின் முகத்தை உலகம்மை பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புருவம் நெரிந்தது. பிறகு கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன இது? அம்மா விழுந்துட்டாளா? என்ன ஆச்சு அங்க?"

"ஒண்ணும் ஆகலண்ணே. அம்மா சோறு சாப்பிடுதா. இது சாதாரண நேரந்தான்."

"இதா? இதா சாதாரணம்?" அவன் குரல் உடைந்தது. ஒரு கணம் அவன் தங்கையை உண்மையாகவே பார்த்தான். அதை உலகம்மை உணர்ந்தாள். பிறகு அவன் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டான். "எனக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கும்மா. டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன். இப்ப ஒரு மீட்டிங் வேற" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. பயந்துவிட்டான்.

"நீ சொல்லு குற்றாலம்" என்றாள் உலகம்மை.

"ஹலோ? அக்கா? கேக்கல. இங்க நெட்வொர்க் சரியில்ல... ஹலோ?" குற்றாலத்தின் உதடுகள் மிகத் தெளிவாக அசைந்தன. பிறகு திரை கறுத்தது.

நஸ்ரினுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "அவங்க சம்மதிச்சா மாத்திக்கலாம்க்கா. ஆனா ஐயாவோடதை நான் இப்பவே ரத்து பண்ணியாகணும். அது உத்தரவு."

"பண்ணுங்க. அவரு என்ன பாவம் செஞ்சாரு" என்றாள் உலகம்மை.

பிரமநாயகம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினார். பச்சைப் புள்ளி அணைந்தது. "அப்பாடா, விட்டுது சனி" என்று சத்தமாகச் சொன்னார். யாரையும் பார்க்காமல் முடுக்கு வழியாக ஒருக்களித்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் படியிறங்குவதற்குள் உலகம்மைக்கு வந்தது. முதலில் முதுகு, அது தெரிந்ததுதான். வயிறு; அதுவும் தெரியும், அவர் தினமும் அதைச் சொல்லித்தான் ஏசுவார். பிறகு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று முஷ்டியாக இறுகியது. மூச்சை உள்ளே இழுத்தால் பாதியில் முட்டியது. இதை அவள் மறந்தே போயிருந்தாள். இது இல்லாமல் இத்தனை மாதம் நடமாடியிருக்கிறாள் என்றால், இது எங்கே இருந்திருக்கிறது? முதுகைச் சொன்னார், வயிற்றைச் சொன்னார், தூக்கத்தைச் சொன்னார். நெஞ்சு அடிக்கிறது என்று முதல் நாள் முடுக்கில் சொன்னதோடு சரி, பிறகு அதைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உலகம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நஸ்ரின் போனதும் அழுதாள். வலிக்காகக் கொஞ்சம், வெட்கத்துக்காகக் கொஞ்சம்.

மாலையில் அம்மா வாசலைப் பார்த்தபடி, "அத்தான் எங்க? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குளிக்க வரவில்லை. எழுப்பப்போனால் கையைக் கடித்தாள். உலகம்மை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, விழாமல் இருப்பதே பெரிய வேலையாக உட்கார்ந்திருந்தாள்.

முடுக்கில் செருப்புச் சத்தம் கேட்டது. பிரமநாயகம் கோபமாக உள்ளே வந்தார்.

"அந்தப் பிள்ள ஒழுங்காக் கழட்டலட்டி. ஒன் முதுகு இன்னும் என்கிட்டத்தான் கெடக்கு. படுக்க முடியல, நிமிர முடியல."

உலகம்மை அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். புள்ளி இல்லை. "கழட்டியாச்சுண்ணே."

"பொறவு இது யாரு வலி?"

மாதக்கணக்காக அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கியது யார், நடத்திக் கூட்டிப்போனது யார் என்று அவர் முகத்தில் மெதுவாகக் கணக்கு ஓடியது. நாற்காலியை இழுத்துப் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அட மூதி! சொந்த வலியா?" என்றார். "இதுக்கா ஒன்னைய அவ்வளவு ஏசுனேன்?"

"பாதி என்னோடதுதான்."

"அந்தப் பாதிக்கு ஏசுனது ஏசுனதுதான். மீதியைத் திருப்பி எடுத்துக்கிடுதேன்." இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அவளையே பார்த்தார். "ஒனக்கு எப்படி இருக்கு? முந்தி மாதிரி எனக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்."

உலகம்மை வாயைத் திறந்தாள். 'ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்' என்ற வாக்கியம் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து யார் கேட்டாலும் அவள் சொன்ன பதில் அதுதான். அதைச் சொன்னால் இவர் நம்பிவிடுவார். நம்பிவிட்டு எழுந்து போய்விடுவார்.

"வலிக்குதுண்ணே" என்றாள். "ரொம்ப வலிக்குது."

அவர் தலையை ஆட்டினார். உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்து, சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு கதவோரம் எழுந்து நின்றாள்.

"சரி" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார் பிரமநாயகம். "முதல்ல நீ சொல்லு, பொறவு நான் சொல்லுதேன். யாருக்கு ஜாஸ்தியோ அவங்க நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கட்டும். மத்தவங்க சித்தியைப் பாக்கட்டும். ஆனா ஒண்ணு, கூட்டியும் சொல்லக் கூடாது, கொறச்சும் சொல்லக் கூடாது. எங்கெங்க வலிக்கி?"

எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்கள் உண்டு; இப்படி ஒரு இரண்டாவது கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எங்கே தொடங்குவது என்று அவள் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு கழுத்திலிருந்து தொடங்கினாள்.